ஆற்றில் தடுப்புச்சுவர், கிணற்றில் கலங்கல்: தடை வாங்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு குழித்துறை தாமிரபரணிக் கரையில், ஆற்றிலிருந்து நாற்பது மீட்டர் தள்ளி இருக்கிறது. 2021 நவம்பர் வெள்ளத்தில் புரையிடம் (வீட்டுமனை) முழுக்கத் தண்ணீர். இப்போது வெள்ளத்தடுப்புச் சுவர் கட்டுகிறார்கள். அஸ்திவாரக் குழியில் ஊறும் தண்ணீரை இரவு பகலாக மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். அதிலிருந்து எங்கள் உறைகிணற்றில் நீர் இறங்கிவிட்டது. இருப்பதும் வெள்ளையாகக் கலங்கி வருகிறது. பக்கத்தில் இன்னும் மூன்று கிணறுகளும் அப்படியே. "வேலை முடிந்தால் சரியாகிவிடும்" என்கிறார் ஒப்பந்ததாரர். வேலைக்குத் தடை வாங்க முடியுமா?
— ஒரு வாசகி, விளவங்கோடு வட்டம்

பதில்: தடை கேட்டுப் போகாதீர்கள். அந்தச் சுவர் உங்களுக்கும் வேண்டும் என்பது ஒருபுறம் இருக்கட்டும், சட்டமே வழியை அடைத்து வைத்திருக்கிறது. குறித்த பரிகாரச் சட்டத்தில் 2018-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, உள்கட்டமைப்புத் திட்டத்தின் வேலையைத் தாமதப்படுத்தும் தடையுத்தரவை உரிமையியல் நீதிமன்றம் தரக்கூடாது. 41(எச்.ஏ.) என்ற பிரிவு அது. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் கரைகள், கால்வாய்கள், மழைநீர் வடிகால் எல்லாம் உள்கட்டமைப்பு என்றே எழுதியிருக்கிறது. "வேலையை நிறுத்து" என்று மனுப் போட்டால் அரசு வழக்கறிஞர் இந்த ஒரு பிரிவை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். "கிணற்றைக் காப்பாற்றி வேலை செய்" என்று கேட்டால் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

அதற்கு முதலில் சான்று. இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் தோற்பது சட்டத்தில் அல்ல, "முன்பு எப்படி இருந்தது?" என்ற கேள்விக்குக் கையில் காகிதம் இல்லாததால்தான். நாளைக் காலையே கயிற்றில் கல்லைக் கட்டி, கிணற்று விளிம்பிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி என்று அளந்து தேதியோடு எழுதுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். மோட்டார் ஓடிய நாள், நின்ற நாள் இரண்டையும் பக்கத்திலேயே குறியுங்கள். மோட்டார் நின்றதும் உங்கள் கிணறு ஏறுகிறது என்றால் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. நான்கு வீட்டுக்காரர்களும் இதைச் செய்யுங்கள். ஆற்றைவிட்டு வெகுதூரம் தள்ளியிருக்கும், பாதிக்கப்படாத ஒரு கிணற்றையும் சேர்த்து அளந்தால் "கோடையால் வற்றியது" என்ற சாக்கும் எடுபடாது.

அப்புறம் தண்ணீர்ப் பரிசோதனை. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்து அறிக்கை வாங்குங்கள். ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி, பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு, 7 நடுநிலை) 6.5 முதல் 8.5 வரை இருக்கலாம். கலங்கல் 1 அலகு, மாற்று நீர் இல்லாவிட்டால் 5 வரை. நம் மேற்குப் பக்கத்துச் செம்பாறைக் கிணறுகளில் தண்ணீர் பொதுவாகச் சற்று அமிலப் பக்கமே சாய்ந்திருக்கும். உங்கள் கிணற்றில் பி.எச். 9-ஐத் தாண்டினால், அந்த வெள்ளைக் கலங்கல் சிமெண்ட் பால்தான் என்று வாதாட நல்ல அடிப்படை கிடைக்கும். தேங்காப்பட்டணம், மணக்குடி மாதிரி கழிமுகத்தை ஒட்டி இருப்பவர்கள் குளோரைடையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ஆற்றை ஆழப்படுத்தினால் கடல் உப்பு மேலே ஏறி வரும்.

கலங்கலையும் வற்றலையும் நான் பிரித்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. நிலத்தடியில் பரவலாகக் கசியும் நீர் மீது நமக்கு நாம் நினைக்கிற அளவு உரிமை இல்லை. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, தன் நிலத்துக்கடியில் கசியும் நீரை எடுக்கும் உரிமையை நிலத்துக்காரனுக்கே தருகிறது. அதனால் பக்கத்துக் கிணறு வற்றினாலும் வழக்கு மெலிவுதான். நிலத்தடி நீருக்கென்று தமிழ்நாடு 2003-இல் ஒரு சட்டம் போட்டது, 2013-இல் அதையும் ரத்து செய்துவிட்டது. மாசு என்று வந்தால் கதை வேறு. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, மாசுப் பொருளை நீரோடையிலோ கிணற்றிலோ சேரவிடக்கூடாது என்கிறது. அந்தச் சட்டத்தில் 'நீரோடை' என்றால் நிலத்தடி நீரும் அடங்கும். கரையில் நிரந்தரக் கட்டுமானம் செய்ய உரிமை உள்ளவருக்கு அதே பிரிவில் விலக்கு உண்டு என்று எதிர்த்தரப்பு சொல்லும். அந்த விலக்கு குற்றத்திலிருந்து தப்பிக்கத்தான், இழப்பீட்டிலிருந்து தப்பிக்க அல்ல என்பது உங்கள் வாதம். எனவே மனுவில் கலங்கலை முதலில் எழுதுங்கள், வற்றியதை இரண்டாவதாக.

மனுவை நீர்வளத்துறைச் செயற்பொறியாளருக்குப் பதிவுத் தபாலிலும், ஆட்சியருக்குத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். கேட்க வேண்டியவை: குழியிலிருந்து இறைக்கும் நீரைத் தெளிய வைத்து விடுவது, நீளம் முழுக்க ஒரேயடியாகத் தோண்டாமல் துண்டு துண்டாக வேலை செய்வது, சுவரில் போதிய கசிவுத் துளைகள் வைப்பது, கிணறு சரியாகும்வரை லாரித் தண்ணீர். கடைசிக் கோரிக்கைக்கு யாரும் மறுப்புச் சொல்வது கடினம். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு வரைபடம், மதிப்பீடு, ஒப்பந்த நிபந்தனைகளைக் கேளுங்கள். பக்கத்துச் சொத்துக்குச் சேதம் வந்தால் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அசையவில்லை என்றால், சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. கெடு முக்கியம்: தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் பிரச்சினை முதலில் தோன்றிய நாளிலிருந்து ஆறு மாதம், 15-ஆம் பிரிவில் இழப்பீட்டுக்கு ஐந்து ஆண்டு. "வேலை முடியட்டும்" என்று காத்திருந்தால் ஆறு மாதம் ஓடிவிடும். அதனால்தான் கிணறு கலங்கிய முதல் நாளை இன்றே எழுதி வையுங்கள் என்கிறேன். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் அரசமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் ரிட் மனுவும் போடலாம், அதன் 21-ஆம் பிரிவு குடிநீரையும் காக்கிறது. ஆனால் சேதம் எவ்வளவு என்ற சண்டைக்கு அது ஏற்ற இடமல்ல. பெண் என்பதால் வருமானம் பாராமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இதெல்லாம் தொடங்கும் முன் பட்டாவையும் நில அளவை வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். ஆற்றோரப் பழைய புரையிடங்களில் வீடு பட்டாவிலும் கிணறு புறம்போக்கிலும் இருப்பது உண்டு. அப்படியென்றால் இழப்பீட்டுக் கோரிக்கை பலவீனமாகும். குடிநீர் கேட்கும் கோரிக்கை மட்டும் நிற்கும்.

ஒப்பந்ததாரர் உங்கள் புகாருக்குப் பிறகு கிணற்றைத் தூர்வாரி இன்னும் இரண்டு உறை இறக்கித் தருகிறேன் என்று வரலாம். செய்து தரட்டும், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். "இனி எந்தப் புகாரும் இல்லை" என்று எழுதிய காகிதத்தில் மட்டும், அடுத்த கோடையில் கிணற்று நீரை அளந்து, மறுபடி பரிசோதித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.