துணை மானியம் நிற்கிறதா? பட்ஜெட்டை உடைத்து எழுதுங்கள்

வீடு வீடாகக் கணக்கெடுக்க உங்கள் தூய்மைப் பணியாளர் குழு கேட்ட துணை மானியத்தை (ஒரு நிறுவனம் தனக்கு வந்த நிதியில் இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கும் பங்கு) தர முடியாது என்று பெரிய தொண்டு நிறுவனம் சொன்னதாகக் கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் சாக்குச் சொல்லவில்லை. அவர்களுக்கு வந்த வெளிநாட்டு நிதியை உங்கள் குழுவின் கணக்குக்கு மாற்றவே முடியாது. வெளிநாட்டு நிதியை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தின் 7-ஆம் பிரிவை 2020-இல் திருத்தி அந்தக் கதவை மூடிவிட்டார்கள். உங்களுக்கும் அந்தச் சட்டப்படி பதிவு இருந்தால்கூட இதே கதைதான்.

உங்கள் முன்மொழிவில் ‘துணை மானியம்’ என்று ஒரே வரியில் மொத்தத் தொகை போட்டிருப்பீர்கள், அங்கேதான் இடிக்கிறது என்று நினைக்கிறேன். அதைப் பிரியுங்கள்: வீடு வீடாகக் கணக்கெடுப்பவருக்கு நாள் சம்பளம், பஸ் காசு, படிவ ஜெராக்ஸ். அந்த நிறுவனமே ஆட்களை நியமித்து நேரடியாகக் கொடுக்கட்டும். பெயரை மட்டும் மாற்றி மொத்தமாக வாங்கினால் தணிக்கையில் மாட்டும். கணக்கெடுப்பில் கிடைக்கும் தரவு யாருக்குச் சொந்தம் என்பதையும் இப்போதே எழுதி வாங்குங்கள். பின்னால் கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

அதற்கு முன், பணம் நிஜமாகவே வெளிநாட்டுப் பணமா என்று பாருங்கள். அப்படியென்றால் முதலில் எஸ்பிஐ புதுடெல்லி முதன்மைக் கிளையில்தான் வந்து விழும். இந்திய அறக்கட்டளையின் சொந்தப் பணம் என்றால் இந்தத் தடையே இல்லை.

ஒரு எச்சரிக்கை: வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதம்தான் வரம்பு. களத்தரவு சேகரிப்போர் சம்பளத்துக்கு விலக்கு உண்டு, ஆனால் ஆராய்ச்சியோ பயிற்சியோ முதன்மைப் பணியாக உள்ள அமைப்புகளுக்கு மட்டும். அந்தத் தொண்டு நிறுவனத்தின் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.