தோட்டத்து மழைமானியும் நம் ஊர் விளக்கும்

ஐயா, வணக்கம். நான் பத்தாங் பெர்ஜுந்தையில் இருக்கிறேன். பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி வருசக்கணக்காகிறது, ஆனால் எங்கள் வீட்டில் இன்னும் பழைய பெயர்தான். சுற்றியிருந்த செம்பனைத் தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் தாமான்களாக, வீடமைப்புக் குடியிருப்புகளாக, மாறுகின்றன. எங்கள் சாலைக்கு வெள்ளை எல்.இ.டி. விளக்கு வந்திருக்கிறது, குழி விழுந்தால் புகார் சொல்ல ஒரு செயலியும் வந்திருக்கிறது. இதுதான் விவேக நகரம், சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறார்கள். உண்மையா, இல்லை கோலாலம்பூரில் செய்வதை நமக்கும் கொஞ்சம் பூசிவிடுகிறார்களா?
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

நான் பிறந்தது ரப்பர் தோட்டத்தில். எங்கள் ஆபீஸ் வாசலில் ஒரு மழைமானி இருந்தது. கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், காலையில் அதை அளந்து நோட்டில் எழுதுவார். மரம் நனைந்திருந்தால் அன்று பால் வெட்டு கிடையாது, வெட்டினாலும் பால் பட்டையில் வழிந்து வீணாகும் என்பது பெரட்டில், காலையில் பெயர் கூப்பிடும் வரிசையில், நிற்கும் எல்லோருக்கும் தெரியும், அதனால் அந்த மழைக்கணக்கு எங்கள் அப்பாவின் சம்பளக் கணக்காகவும் இருந்தது. விவேகத் தொழில்நுட்பம் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் நான் முதலில் கேட்பது அந்த மழைமானியிடம் கற்றதைத்தான்: அளந்தபிறகு யார், என்ன செய்வார்?

கோலாலம்பூரில் 2007-இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. 9.7 கிலோமீட்டர் நீளம், நடுவில் ஒரு பகுதியில் கார் ஓடுகிறது. ஆற்றில் நீர் ஏறுகிறது என்று கருவி சொன்னால் வெள்ளத்தைச் சுரங்கத்துக்குள் திருப்புகிறார்கள், பெருவெள்ளம் என்றால் காரையெல்லாம் வெளியேற்றிவிட்டுச் சாலையையும் தண்ணீருக்கே விட்டுவிடுகிறார்கள்.

சரி, உங்கள் ஊருக்கு வருவோம். அங்கே முக்கியமானது ஆறு. கோலாலம்பூரும் சுற்றுப்புறமும் சேர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கும் தண்ணீரில் பாதிக்கு மேல் சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீர், அதைச் சுத்திகரிக்கும் பெரிய நிலையங்கள் உங்கள் பக்கத்தில்தான் இருக்கின்றன. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங் ஆற்றில் கலந்த கழிவால் நிலையங்களை நிறுத்த வேண்டியதாகி, ஏறத்தாழ 12 லட்சம் குடிநீர் இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது. அன்று நாற்றம்தான் காட்டிக்கொடுத்தது. ஆக்சிஜன், அமோனியா எல்லாம் கருவி இரவு பகலாக அளக்கும், ஆனால் நாற்றமடிக்கிற எல்லா ரசாயனமும் அந்தக் கணக்கில் சிக்காது. அதனால் நிலைய வாசலில் மட்டும் கருவி வைத்தால் போதாது என்பது என் கருத்து. மேலே, தொழிற்சாலை வடிகால் ஆற்றில் சேரும் இடங்களில் வைக்க வேண்டும், மணி அடித்தால் நள்ளிரவிலும் கிளம்பிப் போக ஆள் வேண்டும், அந்த எண்களை உங்களைப் போன்றவர்கள் கைப்பேசியில் பார்க்கவும் முடிய வேண்டும். வெள்ளத்துக்கு இப்படி ஏற்கெனவே இருக்கிறதே. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோபஞ்சிர் தளத்தில் ஆற்று மட்டத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமே.

அப்புறம் விளக்கு. பழைய மஞ்சள் சோடியம் விளக்கை மாற்றினால் மின்சாரம் ஏறக்குறைய பாதி மிச்சம், அது நிஜமான லாபம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆற்றோடு கீழே போனால் கம்போங் குவாந்தானில் ஆற்றோரப் பெரம்பாங் மரங்களில் மின்மினிகள். ஆண் மின்மினி கண்சிமிட்டித்தான் பெண்ணைக் கூப்பிடுகிறது. வெளிச்சம் கூடினால் அந்தக் கூப்பிடு எப்படித் தெரியும்? அதிலும் நீலம் கலந்த வெள்ளை ஒளி வானத்தில் கூடுதலாகச் சிதறும். ஆற்றுப் பக்கம் வளரும் ஊருக்கு இளமஞ்சள் எல்.இ.டி.யும், விளக்கின் தலைக்கு மூடியும், ஆள் நடமாட்டம் குறைந்தபின் தானே மங்கும் அமைப்பும் வேண்டும். விளக்கை வெறுமனே மாற்றுவதை நான் விவேகம் என்று சொல்லமாட்டேன், மங்கத் தெரிந்த விளக்குதான் விவேக விளக்கு. குழி புகார்ச் செயலி சாலைக்கு நல்லது, சுற்றுச்சூழல் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.

ஒரு உதவி செய்யுங்கள். இந்த வாரம் இரண்டு நாள் இரவு பன்னிரண்டு மணிக்கு உங்கள் சாலை விளக்குகள் மங்குகின்றனவா, முழு வெளிச்சத்திலேயே எரிகின்றனவா என்று பார்த்து எழுதுங்கள். அதை வைத்து நகராண்மைக் கழகத்துக்கு நாம் இருவரும் சேர்ந்தே ஒரு கடிதம் போடுவோம்.

அன்புடன்