கார்பெட் நனைவதற்குப் பனிமூட்டம் காரணமில்லை

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். மூன்று மாதத்துக்கு முன் கோவையில் ஒரு டீலரிடம் பழைய ஹேட்ச்பேக் வாங்கினோம். மழை பிடித்ததிலிருந்து கண்ணாடி உள்பக்கம் வியர்க்கிறது, சீட் பெல்ட்டில் பூசணம், முன் இடது பக்கக் கால்மிதிக்கு அடியில் சொதசொதவென்று ஈரம். ஏசி போடுவதே இல்லை. "மலை ஊரில் அப்படித்தான் இருக்கும்" என்கிறார் டீலர். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: டீலர் சொல்வதை ஏற்காதீர்கள். மலைக்காற்றின் ஈரத்தில் கண்ணாடி வியர்க்கும், பெல்ட்டில் பூசணமும் பிடிக்கும். ஆனால் கார்பெட் சொதசொதக்கிறது என்றால் தண்ணீர் எங்கிருந்தோ உள்ளே வருகிறது. அந்த வழியை அடைக்காமல் வாசனை பாட்டில், உள்பக்கக் கிளீனிங் என்று செய்யும் செலவெல்லாம் வீண்.

ஒரு வெள்ளை டிஷ்யூவைக் கார்பெட்டில் அழுத்தி எடுங்கள். நிறம் ஏறி, பிசுபிசுத்து, இனிப்பு வாடை அடித்தால் அது இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். ஹீட்டர் கசிகிறது, உடனே ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். வெறும் தண்ணீர் என்றால் மழைத்தண்ணீர்தான். ஏசியிலிருந்து வடியும் தண்ணீராக இருக்க முடியாது, நீங்கள்தான் ஏசி போடுவதில்லையே.

என் சந்தேகம் வைப்பருக்கு அடியில் இருக்கும் சல்லடை மூடி மேல்தான். உங்கள் ஊர்த் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் இலை, சீப்புப் பல் மாதிரி பிளந்து பிளந்து இருக்கும். காய்ந்து உதிர்ந்ததும் துண்டு துண்டாக அந்தச் சல்லடைக்குள் இறங்கி, அடியில் மக்கி, வடிகால் துளையை அடைத்துவிடும். தேங்குகிற தண்ணீர் புளோயர் காற்று இழுக்கும் வழியாக உள்ளே இறங்கும். நம் கார்களில் பெரும்பாலும் அது இடது பக்கம்தான். மூடியைக் கழற்றி, கறுப்புச் சேறு மாதிரி இருப்பதைக் கையால் அள்ளிவிட்டு, ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சக்கரத்துக்குப் பின்னால் கடகடவென்று வடிய வேண்டும்.

அது சரியாக இருந்தால் ஹோஸ் சோதனை. ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் தண்ணீர் விட வேண்டும்: கதவின் அடி, கதவு ரப்பர், முன் கண்ணாடி ஓரம், கடைசியில் கூரை. கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட் கிழிந்திருந்தாலும் இப்படித்தான் நனையும். சமதளத்தில் நிறுத்திச் செய்யுங்கள். சரிவில் நின்றால் தண்ணீர் ஓடி, கசிவு ஓரிடம், ஈரம் வேறிடம் என்று ஏமாற்றும்.

அப்புறம் உலர்த்துவது. கார்பெட்டுக்கு அடியில் கனமான ஸ்பான்ஜ் இருக்கும், மேலே துடைத்தால் போதாது. கார்த்திகை மழையில் கோத்தகிரியில் அது காயாது. மேட்டுப்பாளையத்துக்கு இறக்கி, வெயிலில் தூக்கிப்போட்டுக் காயவைப்பது மேல். பெல்ட்டை மிதமான சோப்புத் தண்ணீரில் மட்டும் துடையுங்கள், பிளீச்சிங் வேண்டாம், நூல் பலம் போய்விடும். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். கேபின் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

வெள்ளத்து வண்டியா என்பதற்குப் பெல்ட்டை முழுக்க இழுத்து, கடைசி முழத்தில் மண் கறை கோடு போட்டிருக்கிறதா பாருங்கள். சீட் போல்ட்டில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், ஃபியூஸ் பெட்டியில் சேறு. இவை சேர்ந்து இருந்தால் சந்தேகம் பலமானது. கழுவிவிடாமல் முதலில் போட்டோ எடுங்கள். பழைய இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் டீலரிடம் எழுத்தில் கேளுங்கள்.

மறைத்து விற்றது தெரிந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். கோவைக்கு அலைய வேண்டாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ஊட்டியிலேயே வழக்குப் போடலாம். வண்டிக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது. பில், டீலரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள், மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிய அறிக்கை மூன்றையும் இப்போதே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.