பேட்டர்னில் மார்பளவு சரியாக இருந்தும் தோள் வழிகிறது, எங்கிருந்து திருத்துவது?

உங்கள் மார்புச் சுற்றளவுக்குரிய அளவைப் பார்த்தே பேட்டர்னை (துணி வெட்டுவதற்கான தாள் வடிவத்தை) வெட்டியதாகவும், மார்பில் சரியாக அமைந்த மேலாடை கழுத்தில் அகன்று தோளிலிருந்து வழிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தைக்கத் தொடங்கிய காலத்தில் நானும் இதையேதான் செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் தோளைப் பிரித்து உள்ளே தள்ளித் தைப்பேன். உடனே கை இழுக்கும். கையைச் சரிசெய்தால் கழுத்து கோணிக்கொள்ளும். தையலில் குறை இல்லை, தேர்ந்தெடுத்த அளவில்தான் குறை என்பது வெகுநாள் கழித்தே எனக்குப் புரிந்தது.

அச்சிட்ட பேட்டர்ன்கள் ஏதோ ஓர் அடிப்படை அளவுக்கு வரையப்பட்டு, அதிலிருந்து படிப்படியாகக் கூட்டியும் குறைத்தும் மற்ற அளவுகளுக்கு மாற்றப்படுகின்றன. அமெரிக்கத் தையற்காரர் எபனேசர் பட்டரிக் 1863இல் அளவு வாரியாகத் தாள் பேட்டர்ன்களை விற்கத் தொடங்கியபோது இருந்த அதே அடிப்படைதான் இன்றும் தொடர்கிறது. மார்பு பெரிதாகும்போது தோளும் கழுத்தும் கூடவே பெரிதாகும் என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. ஆனால் தோளின் அகலத்தைத் தீர்மானிப்பது எலும்பு, மார்புச் சதை கூடினாலும் எலும்பு அதற்கேற்ப அகலுவதில்லை. ஆகவே திருத்துவதற்கு மிகக் கடினமான தோளையும் கழுத்தையும் பொருத்தமாகத் தரும் அளவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, திருத்துவதற்கு எளிதான மார்பை நாமே கூட்டிக்கொள்வதுதான் முறை.

அதற்கு இரண்டு அளவுகள் வேண்டும். டேப்பை அக்குளை ஒட்டி, மார்பின் முழுமைக்கு மேலே, முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து எடுப்பது மேல்மார்பு அளவு. வழக்கமான இடத்தில் எடுப்பது முழுமார்பு அளவு. பெரும்பாலான பேட்டர்ன்கள் இவ்விரண்டுக்கும் இடையே சுமார் 5 செ.மீ. வித்தியாசம் இருக்கும் என்று வைத்து வரையப்படுகின்றன. உங்கள் மேல்மார்பு 87, முழுமார்பு 98 என்று வைத்துக்கொண்டால், 87உடன் 5ஐக் கூட்டி 92 மார்பளவுக்குரிய பேட்டர்னை எடுக்க வேண்டும். குறைகிற 6 செ.மீ. முழுவதும் முன்பக்கத்துக்கே உரியது. முன்பக்கம் பாதியாகத்தான் தாளில் இருக்கும் என்பதால் அந்தத் தாளில் 3 செ.மீ. கூட்டினால் போதும். முதுகுத் துண்டைத் தொட வேண்டியதில்லை.

கூட்டும் விதத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பக்கவாட்டுத் தையலில் வெறுமனே 3 செ.மீ. தள்ளி வரைந்துவிடுகிறவர்களே அதிகம். அப்படிச் செய்தால் துணி அக்குளில் போய்ச் சேருமே தவிர மார்புக்கு இடம் தராது. தாளை உடம்பின் மீது வைத்து மார்பு முனை எங்கே வருகிறது என்று ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து நேர் இழைக் கோட்டுக்கு (துணியின் நீள இழை ஓடும் திசையைக் காட்டத் தாளில் அச்சிட்டிருக்கும் கோட்டுக்கு) இணையாகக் கீழ் விளிம்புவரை ஒரு கோடு. அதே புள்ளியிலிருந்து ஆம்ஹோலின் (கை பொருத்தும் வளைவின்) கீழ்ப்பகுதியில், மூன்றில் ஒரு பங்கு உயரத்தைத் தொடும்படி ஒரு சாய்கோடு. பக்கவாட்டு டார்ட்டின் (உடலின் வளைவுக்காகத் துணியை ஆப்பு வடிவில் மடித்துத் தைக்கும் பிடிப்பின்) நடுவே புகுந்து புள்ளியை எட்டும் மூன்றாவது கோடு. கீழ் விளிம்பிலிருந்து வெட்டத் தொடங்கிப் புள்ளியில் திரும்பி ஆம்ஹோல்வரை செல்லுங்கள். ஆனால் ஆம்ஹோலின் தையல் கோட்டில் ஓர் இழை அளவு தாளை வெட்டாமல் விட்டுவிடுங்கள். டார்ட் கோட்டையும் அவ்வாறே புள்ளியை அறுக்காமல் நிறுத்துங்கள். இப்போது பக்கவாட்டுப் பகுதியை மெல்ல நகர்த்தினால், அந்த மெல்லிய தாள் இணைப்பு கீல்போலத் திரும்பி, செங்குத்து வெட்டு இணையாக 3 செ.மீ. விரியும், டார்ட்டும் தானாகவே அகலும். பக்கப் பகுதியின் கீழ் விளிம்பு சற்றுத் தாழ்ந்துவிடுவதால், நடுப்பகுதியைக் குறுக்காக வெட்டி அதே அளவு இறக்கிச் சமன்செய்ய வேண்டும். ஆம்ஹோலின் நீளம் சிறிதும் மாறாததால் கைக்கு எந்தத் திருத்தமும் தேவைப்படாது. இந்த முறையை நான் விடாமல் பின்பற்றுவதற்கு அதுதான் காரணம். அகன்ற டார்ட்டைப் புதிதாக வரையும்போது அதன் நுனி மார்பு முனைக்கு 2 முதல் 2.5 செ.மீ. முன்பாகவே முடிய வேண்டும். முனைவரை கொண்டுபோனால் துணி கூராகத் துருத்திக்கொள்ளும்.

இவை அனைத்துக்கும் முன்னால் நீளத்தைப் பார்த்துவிடுவது நல்லது. பின்கழுத்து எலும்பிலிருந்து இடுப்புவரை உங்கள் முதுகை அளந்து, பேட்டர்னின் அளவோடு ஒப்பிட்டு, தாளில் இதற்கென்றே அச்சிட்டிருக்கும் இரட்டைக் கோட்டில் மடித்தோ வெட்டி விரித்தோ சரிசெய்யுங்கள். நீளம் மாறினால் இடுப்புக் கோட்டின் இடமும் மாறும் என்பதால், இதைக் கடைசிக்குத் தள்ளினால் செய்த வேலையையே மறுபடியும் செய்ய நேரும்.

அடுத்து, நல்ல துணியை வெட்டுவதற்கு முன் மலிவான, இழுபடாத பருத்தித் துணியில் ஒரு மாதிரி தைத்தே ஆக வேண்டும். கையும் காலரும் வேண்டாம், தையலுக்கு 2.5 செ.மீ. விட்டு, இயந்திரத்தின் மிகப் பெரிய தையலில் ஓட்டினால் போதும். துணியின் மீதே மார்புக் கோட்டையும் இடுப்புக் கோட்டையும் பேனாவால் வரைந்துகொள்ளுங்கள்; அணிந்து பார்க்கும்போது அந்தக் கோடுகள் தரைக்கு இணையாக நிற்கின்றனவா என்பதே பாதிச் செய்தியைச் சொல்லிவிடும். மீதியைச் சுருக்கங்கள் சொல்லும். இறுகி இழுக்கும் சுருக்கம் எந்த இடத்தை நோக்கி ஓடுகிறதோ அங்கே துணி போதவில்லை. தளர்ந்து மடிந்து கிடக்கும் இடத்தில் துணி மிகுதி. குனிந்து பார்த்தால் உடையின் நிலையே மாறிவிடும் என்பதால், கைகளைத் தொங்கவிட்டு இயல்பாக நின்று, முதுகுப்புறத்தை வேறொருவரைப் படமெடுக்கச் சொல்லுங்கள்.

என் வலத்தோள் இடத்தோளைவிட 1 செ.மீ. தாழ்ந்தது என்பதை அப்படி எடுத்த ஒரு படத்தில்தான் கண்டேன். கழுத்தடியிலிருந்து வலது அக்குளை நோக்கி ஒரு தளர்ந்த மடிப்பு சாய்ந்து கிடந்தது. தோள்தையலைப் பிரித்து, கழுத்துப் பக்கம் ஒன்றும் குறைக்காமல், தோள் முனையில் மட்டும் 1 செ.மீ. பிடித்துக் குண்டூசி குத்தியதும் மடிப்பு மறைந்தது. ஆனால் ஆம்ஹோல் அக்குளில் வெட்டத் தொடங்கியது. தோள்முனையை எவ்வளவு இறக்குகிறோமோ அவ்வளவு ஆம்ஹோலின் அடியையும் இறக்க வேண்டும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். இரண்டு தோளும் வேறுபடும்போது முன்துண்டையும் பின்துண்டையும் மடிப்பில் வைத்து வெட்டாமல், வலம், இடம் என்று முழுத்துண்டாக வரைந்து வெட்டுவதே சரியாக வரும்.

இடுப்புக்குச் சற்று மேலே முதுகில் குறுக்காகத் துணி தேங்கினால், நடுமுதுகில் தேவையான அளவு பிடித்து, பக்கவாட்டுத் தையலை எட்டும்போது ஒன்றுமில்லாமல் மறையும்படி ஆப்பு வடிவில் எடுத்துவிடுங்கள். பின்னர் நடுமுதுகுக் கோட்டை நேராக வரைந்துகொள்ள மறக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மாதிரியில் சுருக்கமே இல்லாதபடி இறுக்கிக்கொண்டே போகும் ஆசை எல்லோருக்கும் வரும். இழுபடாத துணியில் உடலை ஒட்டிய மேலாடைக்குக்கூட மார்பில் 5 செ.மீ. அளவுக்குத் தளர்வு இல்லாவிட்டால் மூச்சை இழுத்துவிடவே சிரமமாக இருக்கும். நின்று பார்த்தது போதும் என்று விடாமல், உட்கார்ந்தும், கையை முன்னால் நீட்டியும் பாருங்கள். முதுகில் அப்போது இழுத்தால், குண்டூசிகளைச் சற்றுத் தளர்த்திய பிறகே அந்த அளவைத் தாளுக்கு மாற்றுங்கள்.