ஏழாவது ஆள்

கேள்வி: ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். ஜூன் மாதம் நண்பர்கள் ஆறு பேர் (இரண்டு தம்பதிகள், நான், இன்னொரு பிரம்மச்சாரி) இத்தாலியின் லிகூரியா மலைப்பக்கம், அப்ரிகாலேவுக்கு அருகில் ஒரு பழைய கல்வீட்டை ஒரு வாரத்துக்கு 1,400 யூரோ என்று பேசி எடுத்திருக்கிறோம். வாடகையை அறைக்கு இவ்வளவு என்று பிரிப்பதா, தலைக்கு இவ்வளவு என்றா? இப்போதே சண்டை. போன வருடம் இதே மாதிரி ஒரு வீட்டில் சாயங்காலமானால் கரண்ட் போய், யார் மேல் தப்பு என்று இரண்டு பேர் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவையும் கூட்டிப்போகிறேன். சமையலை அவர் பார்த்துக்கொள்வார், அந்தக் கவலை இல்லை. மூட்டுவலி என்பதால் படி ஏறாமல் இருக்கத் தரைத்தள அறையை அவருக்கு ஒதுக்கிவிட்டோம். சமையலறை மூன்றாம் மாடியில், மொட்டைமாடியை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் பிரமாதமாம். குளியலறை ஒன்றுதான், இரண்டாம் மாடியில். அம்மா சமைப்பதால் என் பங்கைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாமா?
– ஆர்., ஸ்டுட்கார்ட்

பதில்: வாடகைச் சண்டையும் கரண்ட் சண்டையும் கூட்டாக வீடு எடுக்கிற எல்லோருக்கும் வருவதுதான். அது பிறகு. முதலில் நீங்கள் எழுதியதையே ஒரு தடவை படித்துப் பாருங்கள். படி ஏறக் கூடாது என்று அம்மாவுக்குக் கீழே கட்டில். அவர் நிற்க வேண்டிய அடுப்பு மூன்றாம் மாடியில். ராத்திரி எழுந்தால் போக வேண்டிய கழிப்பறை இரண்டாம் மாடியில். எழுதும்போது உங்களுக்கு உறைக்கவே இல்லையா தம்பி?

மாடிக்கு 16 படி என்று வைத்தாலும் சமையலறைக்கு 48. காபிக்கு, மதியத்துக்கு, ராத்திரிக்கு என்று மூன்று தடவை போய் வந்தால் 144 படி ஏற்றம், 144 படி இறக்கம். முட்டி தேய்ந்தவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. அந்தப் பக்கத்துக் கிராம வீடுகள் குறுகலாக, ஓர் அறைமேல் இன்னோர் அறையாக உயர்ந்து நிற்பவை. படிகள் செங்குத்து, கல் தேய்ந்து வழுக்கும். தரைத்தளம் பெரும்பாலும் பழைய தொழுவம், இல்லாவிட்டால் ஒயின் கிடங்கு. வளைந்த கல் கூரை, சின்னதாக ஒரு ஜன்னல், ஜூனிலும் சுவரில் ஈரம். வேறு யாரும் கேட்காத அறையை மூட்டுவலியின் பெயரைச் சொல்லி அம்மா தலையில் கட்டிவிட்டீர்கள்.

ஏழு பேருக்கு ஒரு வாரம் சமைப்பதற்கு அவரைக் கேட்டீர்களா? கேட்டிருந்தாலும் "அதுக்கென்னப்பா, செஞ்சா போச்சு" என்றுதான் சொல்லியிருப்பார். அந்தப் பதிலை நம்பித் திட்டம் போடுவது பிள்ளை செய்கிற காரியமா? அதற்கும் மேலே, அவர் உழைப்புக்குத் தள்ளுபடி வாங்கி உங்கள் பையில் போட்டுக்கொள்ள என்னிடம் யோசனை வேறு! பெற்ற தாயை ஊர் பார்க்கக் கூட்டிப்போகிறவர் அவரை உட்கார வைத்துச் சோறு போட வேண்டும். முடியாதென்றால் கூட்டிப்போகவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இரண்டாம் மாடியில், குளியலறைத் தளத்திலேயே உள்ள அறை அம்மாவுக்கு. கீழறைக்கு நீங்களும் அந்த நண்பரும் போங்கள். சமையலுக்கு ஆறு பேரும் ஜோடி ஜோடியாக முறை வைத்துக்கொள்ளுங்கள். அரிசிக்கு அர்போரியோ, கர்னரோலி வாங்கினால் குழைந்துவிடும். பெட்டியில் 'பார்பாயில்டு' என்று போட்டிருப்பது சாம்பாருக்குச் சரியாக வரும். சிவப்பு மசூர் பருப்பு அங்கேயே கிடைக்கும். மலை ஏறுவதற்கு முன், கீழே வென்டிமிலியாவிலோ போர்டிகேராவிலோ வாங்கிவிடுங்கள். கிராமத்துக் கடை மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை பூட்டியிருக்கும், ஞாயிறு மதியத்துக்கு மேல் நம்பவே முடியாது. அடுப்பு இண்டக்‌ஷன் என்றால் அலுமினிய குக்கரைத் தூக்கிப்போவது வீண்.

கரண்ட் விஷயத்தில் உங்கள் நண்பர்கள் யார் மேலும் தப்பில்லை. அங்கே வீட்டு இணைப்பு பெரும்பாலும் 3 கிலோவாட்தான். மீட்டர் 3.3 வரை பொறுக்கும். அதைத் தாண்டினால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் துண்டித்துவிடும். ஓவன், கெட்டில், ஹேர் டிரையர், தண்ணீரைச் சூடாக்கும்போது வாஷிங் மெஷின் எல்லாமே ஏறக்குறைய 2 கிலோவாட். கெய்சர் 1.2. சாயங்காலம் ஊர் சுற்றிவிட்டு வந்து எல்லோரும் குளிப்பீர்கள், கெய்சர் மறுபடி ஓடத் தொடங்கும், அதே நேரம் ஒருவர் ஓவனையும் இன்னொருவர் கெட்டிலையும் போடுவார். போகாமல் என்ன செய்யும்? கெய்சர் ஓடும்போது 2 கிலோவாட் சாமானில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். 80 லிட்டர் கெய்சர் என்றால் ஆளுக்கு ஐந்து நிமிடமாக மூன்று பேர் குளிக்கலாம். மறுபடி சூடேற மூன்றரை மணி நேரம் ஆகும். ஆகவே பாதிப் பேர் காலையில், பாதிப் பேர் ராத்திரி. மீட்டர் பல வீடுகளில் வெளியே, சந்தில் இருக்கும். போன அன்றே வெளிச்சத்தில் பார்த்து வையுங்கள்.

வாடகை: பாதியை அறைக்கும் பாதியைத் தலைக்குமாகப் பிரியுங்கள். நான்கு அறைக்கு 700, அறைக்கு 175. ஏழு தலைக்கு 700, தலைக்கு 100. ஒரு தம்பதிக்கு 375. நீங்களும் நண்பரும் ஆளுக்கு 187.50. அம்மாவின் அறையும் தலையும் சேர்த்து 275, அது உங்கள் கணக்கு. ஆக நீங்கள் தர வேண்டியது 462.50. குறைப்பு கேட்டீர்களே, இதுதான் பதில்.

நீங்கள் அம்மாவைத் தலையில் சேர்க்காததில் ஒரு சட்டச் சிக்கலும் இருக்கிறது. இத்தாலியில் வீட்டுக்காரர், தங்கும் ஒவ்வொருவரின் விவரத்தையும் 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தெரிவித்தாக வேண்டும். போனதும் எல்லோர் பாஸ்போர்ட்டையும் கேட்பார். ஆறு பேருக்கு எடுத்த வீட்டு வாசலில் ஏழாவதாக உங்கள் அம்மா நின்றால், அவர் எதிரிலேயே பேச்சு வளரும். அம்மாவின் விசாவுக்கு எடுத்த 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டுத் தாளையும் மறக்காமல் கையில் வையுங்கள். கார் கிராமத்துக்குக் கீழேயே நின்றுவிடும். அவர் விழுந்து வைத்தால், 112 என்ற அவசர உதவி எண்ணுக்குப் போன் செய்து வருகிற ஆட்கள் ஸ்ட்ரெச்சரில் சந்துப்படி வழியே தூக்கித்தான் இறக்க வேண்டியிருக்கும்.

இன்றைக்கே வீட்டுக்காரருக்கு எழுதுங்கள்: ஏழு பேர், ஒருவர் முட்டிவலிக்காரர், படியில் கைப்பிடி உண்டா, படம் அனுப்புங்கள் என்று. ஏழு பேருக்கு இடமில்லை என்றாலோ கைப்பிடி இல்லை என்றாலோ, முன்பணம் போனால் போகட்டும். கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் ஒரே தளத்தில் இருக்கிற வீடாகப் பாருங்கள்.