டல்லமோர் இடைத்தேர்தல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். அயர்லாந்து பற்றிய உங்கள் கட்டுரையில், 1918 ஏப்ரலில் டல்லமோர் தொகுதி இடைத்தேர்தலில், அயர்லாந்தின் விடுதலையைக் கோரிய ஷின் ஃபெயின் கட்சி போட்டியின்றி வென்றது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். ஒருவர்கூட வாக்களிக்காத தேர்தலை எப்படி வெற்றிக் கணக்கில் சேர்ப்பது? ஷின் ஃபெயினும், லண்டன் நாடாளுமன்றம் வழியாகத் தன்னாட்சி கோரிய ஐரிஷ் நாடாளுமன்றக் கட்சியும் உள்ளுக்குள் பேசி இடத்தைக் கைமாற்றிக்கொண்டதாகவே தோன்றுகிறது. ஏமாந்தது வாக்காளர்தானே?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

வாக்காளருக்கு இழப்பு உண்டு என்பதை ஏற்கிறேன். பேரம் நடந்தது என்பதை ஏற்க முடியவில்லை.

அந்த ஆண்டின் தொடக்கம் ஷின் ஃபெயினுக்குச் சாதகமாக இல்லை. தெற்கு அர்மா, வாட்டர்ஃபோர்ட், கிழக்கு டைரோன் என்று மூன்று இடைத்தேர்தல்களில் அடுத்தடுத்துத் தோற்றது. தெற்கு அர்மாவில் தோற்ற பாட்ரிக் மெக்கார்ட்டனையே டல்லமோரில் மீண்டும் நிறுத்தியது. அவரோ அப்போது அமெரிக்காவில் இருந்தார். சாதாரணக் காலமாக இருந்திருந்தால், ஐரிஷ் நாடாளுமன்றக் கட்சி இந்தத் தொகுதியை விட்டுக்கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

காரணம் பிரான்சின் போர்முனையிலிருந்து வந்தது. மார்ச் 21 அன்று ஜெர்மனி பெருந்தாக்குதலைத் தொடங்கியது. ஆள் பற்றாக்குறையில் தவித்த பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ், கட்டாய ராணுவ சேவையை அயர்லாந்துக்கும் நீட்டிக்கும் மசோதாவை ஏப்ரல் 9 அன்று கொண்டுவந்தார். 16ஆம் தேதி அது மக்களவையில் நிறைவேறியது. ஜான் டில்லன் தலைமையிலான ஐரிஷ் நாடாளுமன்றக் கட்சி எதிர்ப்புத் தெரிவித்து வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து, அதாவது லண்டன் நாடாளுமன்றத்திலிருந்து, வெளியேறியது. 18ஆம் தேதி டப்ளின் மேயர் மாளிகையில் டில்லனும் ஷின் ஃபெயின் தலைவர் டெ வலேராவும் ஒரே கூட்டத்தில் அமர்ந்தார்கள். கத்தோலிக்க ஆயர்களும் அதே நாளில் கட்டாய சேர்ப்பை எதிர்த்து அறிக்கை விட்டார்கள். மறுநாள், 19ஆம் தேதி, டல்லமோரில் மெக்கார்ட்டன் போட்டியின்றித் தேர்வானார். டில்லனின் கட்சி தன் வேட்பாளரை விலக்கிக்கொண்டிருந்தது.

டில்லனின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். வெஸ்ட்மின்ஸ்டரில் உட்காருவதால் அயர்லாந்துக்குப் பயனில்லை என்பதுதான் ஷின் ஃபெயினின் அடிப்படை வாதம். அதை வாழ்நாளெல்லாம் எதிர்த்த கட்சி, அந்த வாரம் தானே அவையை விட்டு எழுந்து வந்தது. வந்த கையோடு டல்லமோர் மக்களிடம் போய், அதே அவைக்கு எங்கள் ஆளை அனுப்புங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? அந்த வேட்பாளர் விலகியபோதே வாதம் தோற்றுவிட்டது. அதனால்தான் இதை வெற்றி என்று எழுதினேன். இப்போதும் அப்படியே எழுதுவேன்.

ஆனால் உங்கள் கேள்வியின் கனம் இதற்குப் பின்னால்தான் இருக்கிறது. 1918 டிசம்பர் பொதுத்தேர்தலுக்குள் வாக்குரிமை விரிந்திருந்தது. முப்பது வயது கடந்த பெண்களில் பெரும்பாலோர் முதன்முறையாகப் பட்டியலில் வந்தார்கள். அயர்லாந்தின் வாக்காளர் எண்ணிக்கை சுமார் 7 லட்சத்திலிருந்து 19 லட்சத்தைத் தாண்டியது. அந்தத் தேர்தலில் ஷின் ஃபெயின் வென்ற 73 இடங்களில் 25 போட்டியில்லாதவை. டல்லமோர் அடங்கிய கிங்ஸ் கவுண்டியும் அவற்றில் ஒன்று, மறுபடியும் மெக்கார்ட்டன்தான். தொழிற்கட்சியோ அந்தத் தேர்தலில் நாடு முழுவதுமே ஒதுங்கிக்கொண்டது. 1921இல் நிலைமை இன்னும் மோசம்: தெற்கு அயர்லாந்து நாடாளுமன்றத்தின் 128 இடங்களில் ஒன்றில்கூட வாக்குப்பதிவு நடக்கவில்லை.

டல்லமோர் மக்கள் நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கக் கடைசியாக வாக்களித்தது 1914 டிசம்பர் இடைத்தேர்தலில். அடுத்த வாய்ப்பு 1922 ஜூனில்தான் வந்தது. இடையில் பிரிட்டனுக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சி, விடுதலைப் போர், பிரிட்டனுடனான ஒப்பந்தம், நாட்டுப் பிரிவினை எல்லாம் நடந்து முடிந்துவிட்டன. நாடாளுமன்ற வாக்குரிமை பெற்ற டல்லமோர் பெண்கள் அதைச் செலுத்த நான்கு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். 1918 ஏப்ரலின் நெருக்கடியை நான் மன்னிக்கிறேன். அதற்குப் பிறகும் தொடர்ந்த இந்த வழக்கத்தை, அந்த இயக்கத்தின்மீது எவ்வளவு மதிப்பு இருந்தாலும், மன்னிக்க மனம் வரவில்லை.

1922இல் லீஷ்–ஆஃபலி என்ற பெயரில் இருந்த அந்தத் தொகுதியில் அதிக வாக்குகள் பெற்றவர் வில்லியம் டேவின். அவர் ஒப்பந்தத்தை ஆதரித்தும் எதிர்த்தும் பிளந்த ஷின் ஃபெயினின் இரு பிரிவுகளில் எதையும் சேர்ந்தவர் அல்லர், தொழிற்கட்சிக்காரர்.