டோங்கா குடும்பங்களில் பெற்றோரும் பிள்ளைகளும்: கேள்வி பதில்

கேள்வி: நியூசிலாந்தின் தெற்கு ஆக்லாந்தில் ஆசிரியராக இருக்கிறேன். பசிபிக் தீவு நாடான டோங்காவின் வழிவந்த மாணவன் ஒருவன் தந்தையின் முன் வாயே திறப்பதில்லை. அச்சமா?

பதில்: அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். தந்தையின் தலையைத் தொடுவதும் அவர் உண்டு மீந்ததை உண்பதும் விலக்கப்பட்ட மரபில் வளர்பவனுக்கு, பெரியவர் பேசுகையில் தலைகுனிந்து கேட்பதே முறை. பள்ளியோ, நிமிர்ந்து பார்த்துக் கருத்துச் சொல்பவனையே கெட்டிக்காரன் என்கிறது. ஆனால் நண்பர்களிடமும் பேச்சு நின்று, உறக்கமும் உணவும் குறைந்தால் அது மரியாதை ஆகாது; 1737 என்ற இலவச எண்ணில் ஆலோசகரிடம் பேசலாமெனத் தனியே சொல்லுங்கள். தந்தையை அருகில் வைத்துக்கொண்டு எதையும் கேட்காதீர்கள்.

கேள்வி: பிறகு யாரிடம்தான் பேசுவான்?

பதில்: மரபிலேயே வழி உண்டு. தாய்மாமனிடம் பிள்ளைக்கு உரிமை அதிகம். நம்மவர்க்கு இது புதிதல்ல. தந்தையின் சகோதரியோ தந்தையைவிட உயர்ந்தவர். அவர் சொல்லைத் தந்தை எளிதில் தட்ட முடியாது. ஆகவே மனக்குறையை மாமனிடம் கொட்டி, முடிவை அத்தை மூலம் மாற்றுவது நடக்கக்கூடியதே. புலம்பெயர்வில் அறுந்துபோவது இந்த இழைதான்: அத்தை டோங்கா தலைநகர் நுகுஅலோபாவில், மாமன் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில், இடையில் எல்லோரும் கேட்கும் ஒரு காணொளி அழைப்பு.

கேள்வி: அண்ணனையும் தங்கையையும் சேர்த்து உட்காரவைத்து ஆலோசனை தரலாமா?

பதில்: கூடாது. வளர்ந்தபின் ஒரே அறையில் அமர்ந்து படம் பார்ப்பதையே தவிர்ப்பவர்கள் அவர்கள்.

கேள்வி: தேவாலயத்துக்கும் ஊருக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டுப் பிள்ளையின் படிப்பைக் கைவிடுவதுதானே இந்த மனக்குறைக்கு மூலக்காரணம்?

பதில்: பாதி உண்மை. ‘மிசினாலே’ எனும் ஆண்டுக் காணிக்கையில் குடும்பம் தரும் தொகை சபையறிய வாசிக்கப்படும்போது, குறைத்துக் கொடுப்பது எளிதன்று. ஆனால் வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பணம் இன்றேல் டோங்காவின் பல வீடுகளில் அடுப்பெரியாது; அதை வீண்செலவு என்பவர் அந்த வீட்டுப் பாட்டியிடம் சொல்லிப் பார்க்கட்டும். பகுதிநேர வேலைச் சம்பளத்தை அப்படியே தாயிடம் தரும் இளைஞர்களில் நான் கண்டவரைக்கும், கொடுப்பதை வெறுப்பவர் குறைவு. எங்கே, எவ்வளவு போகிறது என்று கேட்க வாயில்லாததே அவர்களை அரிக்கிறது.

கேள்வி: இது மதத்தின் மீதான தாக்குதல் அல்லவா?

பதில்: இல்லை. சபையின் இளைஞர் குழுவில்தான் பலர் முதன்முதலாக மனம்விட்டுப் பேசுகிறார்கள். தொகையை உரக்க வாசிப்பதைப் பற்றியே சொன்னேன், அதில் பின்வாங்கமாட்டேன்.

கேள்வி: தந்தையையும் மகனையும் எதிரெதிரே அமர்த்தி நேரடியாகப் பேசவைத்தால் என்ன?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மருத்துவமனையில் தாய்க்குப் பன்னிரண்டு வயது மகளே மொழிபெயர்க்கலாமா?

பதில்: வேண்டாம். தாயின் உடல்நிலையைத் தாயிடமே விளக்கும் சுமை பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு எதற்கு? மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது நியூசிலாந்தில் நோயாளியின் உரிமை, முன்பதிவின்போதே கேளுங்கள்.